நிய்யத்தும் சரக்கும்: ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கப்பல்கள் எழுப்பும் கேள்வி

இறைவனை நாடிச் செல்லும் பயணமும் பொருளை நாடிச் செல்லும் பயணமும் ஒரே கப்பலில் ஏறலாமா, ஏறினால் ஒன்றால் மற்றொன்றின் பயன் குறையுமா என்னும் கேள்வி, கடல் கடந்து வாணிகம் செய்த சமூகங்கள் அனைத்தையும் ஏதேனும் ஒரு காலத்தில் உறுத்தியிருக்கிறது. அரபு நாடுகளின் பழைய சந்தைகளையும் துறைமுகங்களையும் கண்டுவர இக்காலத்தில் குழுவாகச் சேர்ந்து சொகுசுக் கப்பலில் செல்வோருக்கு இக்கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. அவர்கள் போவது பார்ப்பதற்கு. ஆனால் அதே துறைமுகங்களை நோக்கி மைசூர் நாட்டிலிருந்து 1786-இல் புறப்பட்ட ஒரு பெருங்குழுவின் பயணத்தில் வாணிகமும் அரசியலும் யாத்திரையும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. சமய நூல்கள் பொதுவாக வகுத்துச் சொல்லும் விதிகளை ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு அதைவிடப் பொருத்தமான பயணம் தென்னிந்திய வரலாற்றில் எளிதில் கிடைக்காது.

மைசூருக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவாக இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, திப்பு சுல்தான் 1785 நவம்பரில் உதுமானியப் பேரரசுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். குலாம் அலி கான் தலைவராகவும் நூருல்லா கான் முதலியோர் துணைத் தூதர்களாகவும் அமைய, எழுத்தர்கள், வீரர்கள், சமையற்காரர்கள், ஏவலர்கள் என ஏறத்தாழ 900 பேர் கொண்ட அக்குழு, மலைத்தொடரைக் கடந்து கன்னடக் கடற்கரையின் ததடித் துறையை அடைந்து, 1786 மார்ச்சில் நான்கு கப்பல்களில் ஏறியது. மிளகு, ஏலம், சந்தனக் கட்டை, துணி ஆகியவற்றோடு யானைகளும் ஏற்றப்பட்டன. வழிநெடுக உள்ள துறைமுகங்களில் சரக்கை விற்று அந்தப் பணத்திலேயே பயணச் செலவைச் சமாளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குழுவின் செயலர்களுள் ஒருவரான குவாஜா அப்துல் காதிர் பாரசீகத்தில் எழுதிவைத்த நாட்குறிப்பு, வரலாற்றாசிரியர் முஹிப்புல் ஹசனின் பதிப்பாக 1968-இல் அச்சேறியதால், மஸ்கட், புஷேர், பஸ்ரா என்று கப்பல்கள் துறைமுகம் துறைமுகமாக நகர்ந்த வரலாறு பயணத்தில் இருந்தவர் ஒருவரின் எழுத்திலேயே கிடைக்கிறது.

இப்பயணத்திற்கு ஒரு நோக்கம் இருந்தது என்று சொல்வது தவறாகும். பல நோக்கங்கள் இருந்தன. முகலாயப் பேரரசரிடம் கிடைக்காத அரச அங்கீகாரத்தை, கலீஃபா என்ற முறையில் உதுமானிய சுல்தானிடம் பெறுவது. ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்பது. பஸ்ரா துறைமுகத்தைக் குத்தகைக்குப் பெற்று, ஈடாக மைசூரின் துறைமுகம் ஒன்றை உதுமானியருக்குத் தருவது. நஜஃபிலும் கர்பலாவிலும் உள்ள புனித அடக்கத்தலங்களுக்குக் காணிக்கை செலுத்துவது. யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து நஜஃபுக்குத் தம் செலவிலேயே ஒரு கால்வாய் வெட்ட அனுமதி கேட்பது. திரும்பும் வழியில் மக்கா, மதீனாவைத் தரிசிப்பது. துறைமுகக் குத்தகையும் புனிதத் தலத்துக் கால்வாயும் ஒரே தூதர்களிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பிற்கால ஆய்வாளர்களுள் சிலர் பேராசையாகவும் வேறு சிலர் பக்தியாகவும் படித்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, அக்கால இஸ்லாமியச் சிந்தனையில் இக்கேள்வி எங்கே நின்றது என்பதைக் கவனியாததால் வருவது.

மக்காவைச் சுற்றிய நிலப்பரப்பில் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் என மூன்று பெரிய பருவகாலச் சந்தைகள் நடந்துவந்தன. போர் விலக்கப்பட்ட மாதங்களில், ஹஜ் நாட்களை ஒட்டி, ஒன்று கலைந்தபின் மற்றொன்று என்ற வரிசையில் அவை கூடின. தாயிஃப் நகருக்கருகில் கூடிய உக்காழ் சந்தையில் தோலும் நறுமணப் பொருள்களும் கைமாறியதோடு, குலங்களுக்கிடையே உடன்படிக்கைகளும் கவிஞர்களுக்கிடையே போட்டிகளும் நிகழ்ந்தன. இஸ்லாத்தை ஏற்றபின், யாத்திரைக் காலத்தில் இச்சந்தைகளில் வாங்குவதும் விற்பதும் பாவமாகுமோ என்று மக்கள் தயங்கினர் என்றும், இறைவனின் அருட்பேற்றைத் தேடுவதில் குற்றமில்லை என்ற பொருளில் அமைந்த திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 198-ஆம் வசனம் அத்தயக்கத்தைப் போக்கவே அருளப்பட்டது என்றும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்கியதாகப் புகாரியின் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. ஆக, அரேபியாவின் பழைய சந்தை இவ்விவாதத்திற்கு வெறும் பின்னணி அன்று. விவாதமே அங்குதான் பிறந்தது. இன்று உக்காழைச் சவூதி அரசு 2007 முதல் பண்பாட்டு விழாவாக மீட்டெடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறது என்பது தனிக்கதை.

அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அனுமதிக்கப்பட்ட ஒன்றுக்கு இறைவனிடம் நற்கூலியும் உண்டா என்பது வேறு கேள்வி. செயல்களின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது, அதாவது செய்பவர் உள்ளத்தில் கொள்ளும் எண்ணத்தைப் பொறுத்தது, என்பது இஸ்லாமிய அறவியலின் அடிக்கல். அப்படியானால் ஒரே உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் இருக்கும்போது என்ன ஆகும்? 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இரண்டு தூண்டுதல்களுள் எது மேலோங்கி நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார்: யாத்திரையே முதன்மையாகவும் வாணிகம் துணையாகவும் இருந்தால் அந்த அளவுக்குப் பயன் உண்டு, உலகியல் நோக்கம் மேலோங்கினால் பயன் இல்லை, இரண்டும் சமமானால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 1262-இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் இதைவிடக் கடுமையானவர். கலப்பு ஏற்பட்டாலே நற்கூலி போய்விடுகிறது என்பது அவர் முடிவு. இவ்விருவரின் கருத்து வேறுபாடு ஷாஃபி சட்டப்பள்ளியின் நூல்களில் தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்பட்டு வந்தது. பட்கல் முதல் மலபார் வழியாகக் காயல்பட்டினம் வரை கடலோர முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அந்தப் பள்ளியையே. கடல் வாணிகத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது ஏட்டு விவாதமாக இருந்திருக்க முடியாது.

கஸ்ஸாலியின் தராசு நியாயமானது. ஆனால் அது ஒரு தனிமனிதனின் நெஞ்சுக்குள் பொருத்தப்பட்ட தராசு. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பயணத்தில் எண்ணம் கொண்டவர் ஒருவர், கடலில் மிதந்தவர்கள் வேறு சிலர். மஸ்கட்டில் மைசூர் அரசு நடத்திய கோட்டி, அதாவது சரக்கு வைத்து விற்கும் வாணிகக் கிடங்கு, இதற்குத் தெளிவான சான்று. அங்கு அதிகாரியாக இருந்த மீர் காழிமுக்குத் திப்பு எழுதிய கடிதங்களை வில்லியம் கிர்க்பாட்ரிக் 1811-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சந்தனத்தையும் மிளகையும் விலை ஏறும்வரை விற்காமல் வைத்திருப்பது, பட்டுப்புழுக்களையும் அவற்றை வளர்க்கத் தெரிந்தவர்களையும் தேடி அனுப்புவது, முத்துக் குளிப்போரைத் திரட்டுவது என்று அவற்றில் காணப்படும் கட்டளைகளின் நுணுக்கம் வியப்பூட்டுகிறது. பண்டத்தைப் பதுக்கிவைத்து விலையேற்றுவதை இஸ்லாமியச் சட்டம் கண்டிக்கிறது என்றாலும், சட்ட அறிஞர் பலர் அக்கண்டனத்தை முதன்மையாக உணவுப் பொருளோடு நிறுத்திக்கொண்டார்கள்; சந்தனக் கட்டை அந்த எல்லைக்கு வெளியே வசதியாக நின்றது.

மஸ்கட்டில் மைசூரின் தரகர் மாவ்ஜி சேட் என்ற பாட்டியா. பாட்டியாக்கள் கட்ச், சிந்து பகுதிகளிலிருந்து சென்ற வாணிகச் சமூகத்தார். பெரும்பாலும் கண்ணனை வழிபடும் புஷ்டிமார்க்க வைணவர்கள். 1765-இல் அந்நகரைக் கண்ட பயணி கார்ஸ்டன் நீபுர், அங்கு 1200 பேருக்குக் குறையாத இந்திய வணிகர்கள் தங்கள் வழக்கப்படியே வாழவும், வீட்டில் தெய்வ உருவங்களை வைக்கவும், இறந்தோரை எரிக்கவும் உரிமை பெற்றிருந்ததாகக் குறித்திருக்கிறார். இபாதி என்னும் தனிப்பிரிவைச் சார்ந்த ஓமானிய இமாமின் துறைமுகத்தில், சுன்னி அரசர் ஒருவரின் சந்தனத்தை வைணவத் தரகர் விற்றுக்கொடுக்க, அந்த வருவாயின் ஒரு பகுதி ஷியாக்கள் போற்றும் அடக்கத்தலங்களுக்குக் காணிக்கையாகப் போகக்கூடிய நிலை இருந்தது. சமய நல்லிணக்கத்தின் சின்னமாக இதைக் கொண்டாடுவது எளிது; ஆனால் அங்கிருந்த ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தின் தடைகளைத் தனித்தனியே கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அங்கு வந்திருந்தார்கள்.

மாவ்ஜி சேட்டைப் போன்றவருக்கு அந்தக் கணக்கு எளிதானதன்று. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தை வடபுலத்தாருக்கே உரிய வழக்கங்களுள் ஒன்றாக, ஆயுத வாணிகம் முதலியவற்றோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, வேறோரிடத்தில் ஒருவரைத் தம் நிலையிலிருந்து வீழ்த்தும் செயல்களுள் அதை முதலில் வைத்து, மூன்றாண்டுக் கழுவாயையும் விதிக்கிறது. மனுவின் நூலோ கடலில் செல்பவரைச் சிராத்தத்திற்கு அழைக்கத் தகாதவர் பட்டியலில் சேர்க்கிறது. இடைக்காலத்தில் கலிவர்ஜ்யம், அதாவது கலியுகத்தில் விலக்கவேண்டியவை என்ற தொகுப்பு, இத்தடையை மேலும் இறுக்கியது. நடைமுறை வேறாக இருந்தது. கர்நாடகத்தின் ஐஹொளேயைத் தலைமையிடமாகக் கொண்ட ஐந்நூற்றுவர் வணிகக் குழு, சுமத்ரா தீவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நட்டுவைத்திருக்கிறது. பட்டினப்பாலை போற்றும் புகார் வணிகர்களின் நேர்மை, கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாமை என்ற அளவுகோலால் அளக்கப்படுகிறது. அவர்கள் கடல் கடந்தார்களா என்பதால் அன்று. பிற்கால நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்ற லாபத்தில் மகமை என்ற பெயரில் கோயிலுக்கு ஒரு பங்கை ஒதுக்கி, அதைக் கணக்கேட்டிலேயே எழுதினார்கள். நூல்கள் கடல்நீரில் கண்ட தீட்டை வணிகர்கள் ஏட்டின் வழியாகத் தீர்த்துக்கொண்டார்கள் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாமல் போன ஒரு சிந்தனை மைசூருக்கு மிக அருகில், 981-இல் கோமடேசுவரர் சிலை எழுந்த சிரவணபெளகொளாவில் வேரூன்றிய சமணத்தில் இருக்கிறது. இல்லறத்தார் மேற்கொள்ளும் குணவிரதங்களுள் திக்விரதம் என்பது, நான்கு திசை, நான்கு மூலை, மேல், கீழ் ஆகிய பத்துப் பக்கங்களிலும் தாம் எவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என்று ஒருவர் தாமே வரையறுத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் காப்பது. சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரம் இதை விரிவாக எடுத்துரைக்கிறது. அதைத் தழுவிய அருங்கலச்செப்பு வழியாகத் தமிழ்ச் சமணர்களும் இதை அறிந்திருந்தனர். கடல் தீட்டுடையது என்று இவ்விரதம் சொல்லவில்லை, வாணிகம் இழிந்தது என்றும் சொல்லவில்லை. ஒருவரின் கால் எட்டும் இடமெல்லாம் அவருடைய ஆசையும் எட்டும், ஆசை எட்டும் இடமெல்லாம் உயிர்களுக்கு ஊறு நேரும் என்பதால், எல்லையிட்ட இடத்துக்கு அப்பாலுள்ள உலகத்தையேனும் தம் பொருட்டு நேரும் துன்பத்திலிருந்து விடுவித்துவிடலாம் என்பதே அதன் தருக்கம். ஒரு திசையில் குறைத்ததை மறுதிசையில் கூட்டிக்கொள்வதும், வகுத்த எல்லையை மறந்துபோவதும் இவ்விரதத்தின் குற்றங்களாக எண்ணப்படுகின்றன. நிய்யத் பயணியின் நெஞ்சைப் பார்க்கச் சொல்கிறது. திக்விரதமோ பயணி போய்ச் சேரும் இடத்தில் யார் துன்புறுவார் என்று பார்க்கச் சொல்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தோடு மைசூர்த் தூதுக்குழுவின் முடிவைப் பார்த்தாகவேண்டும். பஸ்ராவில் நெடுநாள் காத்திருந்து, பாக்தாத் வழியாக நிலமார்க்கமாகச் சென்று, 1787 செப்டம்பரில் குழு இஸ்தான்புல்லை அடைந்தபோது உதுமானியர் ரஷ்யாவோடு போரில் இறங்கியிருந்தனர். அந்நிலையில் ஆங்கிலேயரைப் பகைத்துக்கொள்ள சுல்தான் முதலாம் அப்துல் ஹமீதுக்கு விருப்பமில்லை. பட்டங்களும் பரிசுகளும் கிடைத்தன. துறைமுகமும் கிடைக்கவில்லை, படைத்துணையும் கிடைக்கவில்லை, கால்வாய்க்கும் அனுமதி இல்லை. எகிப்து, ஜித்தா, மக்கா, மதீனா வழியாகக் குழு 1789 டிசம்பரில் கள்ளிக்கோட்டையை வந்தடைந்தபோது, புறப்பட்ட ஏறத்தாழ 900 பேரில் திரும்பியவர் எழுபது பேர்கூட இல்லை. பிளேக்கும் பிற நோய்களும் கடல் விபத்துகளும் ஏனையோரைக் கொண்டுபோயின. இடைப்பட்ட 1787-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மஸ்ஜிதே அஃலா பள்ளிவாசல் இரட்டை மினாராக்களோடு எழுந்திருந்தது.

இறைவனின் பாதையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வழியில் இறப்பவருக்குரிய கூலி இறைவனின் பொறுப்பு என்று திருக்குர்ஆன் சொல்கிறது. கொள்ளைநோயில் மாள்பவரை நபிமொழி தியாகிகளுள் சேர்க்கிறது. ஆனால் அரசாணையால் கப்பலேறிய ஒரு சமையற்காரரின் பயணம் எந்தப் பாதையைச் சேர்ந்தது? ஒருவருக்காக மற்றொருவர் செய்யும் பதில் ஹஜ்ஜுக்கு இஸ்லாமியச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், அது இறந்தவருக்கும் தீராத இயலாமை உடையவருக்குமே பொருந்துவது. அரியணையை விட்டு நகர முடியாத அரசருக்கு அது விரியுமா என்பதில் ஐயம் உண்டு. முகலாயப் பேரரசர் எவரும் ஹஜ் செய்யவில்லை, திப்புவும் செய்யவில்லை, எல்லாரும் அனுப்பிவைத்தார்கள். அனுப்பியவரின் நிய்யத் தூயதா, கலப்படமானதா என்ற விவாதத்தில் ஆய்வாளர்கள் காட்டிய ஆர்வம், அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு நிய்யத் கொள்ளும் வாய்ப்பேனும் இருந்ததா என்பதில் காட்டப்படவில்லை. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், கடற்கரையில் அசையாது நின்று தவம் செய்த ஜாஜலி முனிவருக்குக் காசி வணிகர் துலாதாரர் அறம் உரைக்கும் பகுதியில், தம் தராசு எல்லா உயிர்களுக்கும் ஒரே நிலையில் நிற்கிறது என்பதையே அவ்வணிகர் தம் தகுதியாகக் காட்டுகிறார். அந்தத் தராசில் வைத்தால், மிளகையும் இறைவனையும் ஒரே கப்பலில் ஏற்றியது ஸ்ரீரங்கப்பட்டணத்தின் குற்றமாகாது; சந்தனத்தின் விலைக்கு எழுதப்பட்ட கட்டளைகளின் நுணுக்கம் ஆட்களின் உயிருக்கு எழுதப்படாமல் போனதே குற்றமாகும்.

உடன் வருவோரின் நலனைக் கொண்டு பயணத்தை எடைபோடும் இப்பார்வைக்கான விதை கஸ்ஸாலியிடமும் இருந்தது என்பதில் வியப்பில்லை. பயணத்தின் ஒழுக்கங்களைப் பற்றி அவர் எழுதிய பகுதியில், மூவர் சேர்ந்து புறப்பட்டால் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக, ஏற்கவேண்டும் என்னும் நபிமொழியை எடுத்துக்கொண்டு, அமீரின் வேலை ஆணையிடுவதன்று, தோழர்களின் நலனைச் சுமப்பது என்று விளக்குகிறார். தலைமையேற்ற ஒருவர் வழிச்சோற்று மூட்டையைத் தாமே சுமந்து, மழை பெய்த இரவெல்லாம் தோழரின் தலைக்கு மேல் தம் ஆடையை விரித்துப் பிடித்து நின்ற கதையையும் சேர்க்கிறார். தூதர்களுக்குள் பூசல் மிகுந்திருந்த மைசூர்க் குழுவில் இப்படிப்பட்ட அமீர் ஒருவர் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஹஜ்ஜுக்கு மக்கள் செல்லும் காரணங்கள் பிற்காலத்தில் சிதையும் என்று கூறும் ஒரு செய்தியையும் கஸ்ஸாலி எடுத்தாள்கிறார்: அரசர்கள் உல்லாசத்திற்கும், செல்வர்கள் வாணிகத்திற்கும், ஏழைகள் இரப்பதற்கும், ஓதுவோர் புகழுக்கும் செல்வார்களாம். உல்லாசம் இன்று அரசர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற யாத்திரைக் கப்பல்கள் 1995-இல் நின்று, ஹஜ் பயணம் முழுதும் விமானத்துக்கு மாறியது. மஸ்கட்டின் முத்ரா துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்து 2014-இல் சோஹாருக்கு மாற்றப்பட்டு, அந்தத் துறை சுற்றுலாக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது. யாத்திரிகரும் சரக்கும் கடலைவிட்டு விலகிய வழியில் இப்போது பார்வையாளர்கள் வருகிறார்கள். தேவராஜா சந்தையில் ஊதுவத்தி வாங்கிப் பழகிய மைசூர்க்காரர் ஒருவர் குழுவோடு முத்ரா சந்தைக்குள் நுழைந்தால், தோஃபார் மலைகளில் எடுத்த லுபான் என்ற சாம்பிராணியின் மணம் அவருக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தம் நாட்டுச் சந்தனம் அங்கே எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதை வழிகாட்டி சொல்லுவது அரிது.

பார்ப்பதற்காகவே பயணம் செய்வதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. பூமியில் சுற்றித்திரிந்து முன்னோரின் முடிவு என்ன ஆயிற்று என்று பாருங்கள் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. சமணத்திலும் திக்விரத எல்லைக்குள் நின்றுகொண்டே குறிப்பிட்ட காலத்துக்கு அதை மேலும் சுருக்கிக்கொள்ளும் தேசவிரதம் உண்டு, ஆகவே கப்பலேறும் இல்லறத்தார் இரண்டு மூன்று துறைகளுக்கு மேல் இறங்குவதில்லை என்று வரையறுத்துக்கொள்வதும் விரதமாகவே அமையும். சொகுசுக் கப்பலில் பயணச்சீட்டு வாங்கியவர் தம் நோக்கத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார். அவருடைய நிய்யத்தை எடைபோட கஸ்ஸாலியின் தராசு போதுமானது. அதே கப்பலின் கீழ்த்தளங்களில், இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து, பல மாத ஒப்பந்தத்தில் படுக்கை விரித்தும் பாத்திரம் கழுவியும் பணிபுரிவோர், முத்ராவில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்திலும் பெரும்பாலும் வேலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமீர் யார் என்பதைக் கப்பல் நிறுவனத்தின் ஒப்பந்தம் சொல்லுமேயன்றி, பயணிகளிடம் அக்கேள்வியை எவரும் கேட்பதில்லை.